மஞ்சள் தெளிக்காத மூலை

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. திருவொற்றியூரில் எங்கள் வாழைத்தார் மண்டிக்குள் நுழைந்த அக்கா முதலில் பார்த்தது, மேற்கு மூலைக் காய்களின் மேல் நின்ற மஞ்சள் துளிகளை. அங்கே தொங்கிய இரண்டு வரிசைத் தார்களில் ஒன்றுக்கு ஆர்.என்.ஏ. கரைசலும் மற்றதற்கு வெறும் தண்ணீரும் அவர் அடித்து வைத்திருந்தார். வெள்ளிதோறும் சரக்கின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகே வியாபாரம் தொடங்குவது எங்கள் வழக்கம். அப்பா இரண்டு வரிசைக்கும் குறைவில்லாமல் தெளித்திருந்தார்.

அக்கா பிறந்தது சாத்தான்குளத்தில். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா வடசென்னைக்கு வந்து மண்டி போட்டார். பழுக்கும் நேரத்தில் தோலில் கரும்புள்ளி விழுந்து, தார்கள் குப்பைக்குப் போவதைப் பார்த்தே அக்கா வளர்ந்தார். அது ஒரு பூஞ்சையின் வேலை என்று படித்த பிறகு, அந்தப் பூஞ்சையை அவர் விடவில்லை. அம்மா இறந்த ஆண்டு கல்லூரியை நிறுத்திவிட்டு எனக்குச் சமைத்துப் போட்டார். மறு ஆண்டு மீண்டும் கல்லூரிக்குப் போக விம்கோ நகரில் ரயிலேறினார். முனைவர் பட்டம் பெற்று ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அவருடைய வேலையைப் பற்றி உறவினர்கள் பலர் கேட்டதுண்டு. எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்ற தகவலை மரபணுவிலிருந்து எடுத்துச் செல்வது ஆர்.என்.ஏ. பூஞ்சைக்கும் அப்படித்தான். சில பூஞ்சைகள் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளைச் செடிக்குள் அனுப்பி அதன் எதிர்ப்பை அடக்கும். செடிகளும் பதிலுக்கு அனுப்பும். வெளியிலிருந்து இரட்டை இழை ஆர்.என்.ஏ. உள்ளே வந்தால், பல பூஞ்சைகள் அதைத் துண்டுகளாக வெட்டி, அந்தத் துண்டுகளோடு பொருந்தும் தம் சொந்தத் தகவலையே அழித்துவிடும். பூஞ்சைக்கு இன்றியமையாத ஒரு மரபணுவைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் இழையைச் செய்து காயின் மேல் தெளித்தார் அக்கா.

எர்ணாவூரிலிருந்து மண்டிக்குச் சுமை தூக்க வரும் முனுசாமி அண்ணன், “இன்னா பாப்பா, விஷமா இது?” என்று கேட்டார்.

“இல்லண்ணே. பூஞ்சையோட ஒரு மரபணுவ மட்டும் பேசவிடாம பண்ணும்.”

“கம்முனு கெடன்னு சொல்லுது. அத்த நேரா சொல்றதுக்கு இன்னா?”

அன்று முதல் விவசாயிகள் கூட்டங்களில் அக்கா அதைக் ‘கம்முனு மருந்து’ என்றே சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமைத் தார்கள் பழுத்தபோது முனுசாமி அண்ணன் தெருவரைக்கும் கேட்கக் கத்தினார்: “பாப்பா, ஒரு புள்ளி கூட இல்ல! ஜெயிச்சுட்ட!”

“தண்ணி அடிச்ச வரிசையிலயும் இல்லயேண்ணே.”

“அப்போ தண்ணியும் மருந்தா?”

அப்பா மெல்லக் கேட்டார்: “அப்படின்னா, என் மஞ்சளா ஜெயிச்சது?”

“யாரு ஜெயிச்சான்னு தெரியாமப் பண்ணிட்டீங்கப்பா.”

கையிலிருந்த கரைசல் முழுவதும் அதில் தீர்ந்திருந்தது. மறுபடி செய்ய ஆய்வகம் ஒரு முறைதான் அனுமதி தந்தது. இம்முறை மஞ்சள் படக் கூடாது. ஆனால் சரக்கை வெறுமனே விடுவது அப்பாவுக்கு ஒப்பவில்லை. அக்கா அவரோடு வாதாடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காய்ந்த சருகுகளைக் களைந்துகொண்டிருந்தார். கடைசியில் அப்பாவே பேசினார்: “சரி, அந்த மூலைய மட்டும் விட்டுடுதேன். சாமிகிட்ட நீயே சொல்லிக்கோ.”

“சொல்லிட்டேம்ப்பா.”

“எப்ப?”

“இப்பத்தான்.”

இரண்டாம் முறை தண்ணீர் வரிசையில் கரும்புள்ளி விழுந்தது. கரைசல் அடித்த வரிசையில் குறைவாக விழுந்தது. ‘குறைவு’ என்ற சொல்லை ‘இல்லை’ என்று மாற்ற அக்கா யாரையும் விடவில்லை. இந்த மருந்து வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் சிதைந்துவிடும், எல்லாப் பூஞ்சையும் இதை உள்ளே எடுப்பதில்லை என்பதையும் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். அந்த முடிவை வைத்து அவர் செய்த வேலையை இன்று ஆய்வகத்தில் மற்றவர்கள் தொடர்கிறார்கள்.

பிறகு அக்காவே நோயில் விழுந்தார்; அது முற்றிய மாதங்களிலும் வலி குறைந்த நாட்களில் மண்டிக்கு வந்து உட்கார்ந்தார். மருத்துவமனையில் ஒரு காலை, தட்டில் வைத்த வாழைப்பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நம்ம மண்டிப் பழம் இல்ல” என்று சிரித்துவிட்டுச் சாப்பிட்டார். மறு வாரம் வீட்டில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. செய்ய நினைத்ததைச் செய்து பார்த்துவிட்டவர் முகம் அது.

இரவும் பகலும் உடனிருந்த அத்தானுக்கும், கேட்கும் முன்பே ரத்தம் கொடுக்க வந்து நின்ற மண்டித் தொழிலாளர்களுக்கும், அக்காவின் ஆய்வக நண்பர்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த எங்கள் தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. மண்டியில் இப்போது எந்தச் சோதனையும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அப்பா மஞ்சள் தண்ணீர் தெளிக்கும்போது மேற்கு மூலையை விட்டுவிடுகிறார்.