கரி எரிந்த சனிக்கிழமை

எங்கள் காருக்கு வந்த நோய்க்குக் காரணம் நாங்கள் அதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டதுதான் என்று வர்க்ஷாப் ஃபோர்மேன் சொன்னபோது எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற என் கணவருக்கு வரவில்லை.

அது பழைய டீசல் கார்; எங்கள் ஊர்ப் பேச்சில் காடி. இரண்டு பேர் ஓட்டித் தள்ளியபின் எங்களிடம் வந்தது. பதிவு அவர் பேரில், ஓட்டுவது பெரும்பாலும் நான். கோலா கெத்தில் என்ற ஊரில் தாமான் குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, செம்பனைத் தோட்டத்துப் பாலர் பள்ளியில் நான் ஆசிரியை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. நாற்பத்து மூன்று வயதில் லைசென்ஸ் எடுத்து, இந்தக் காரில்தான் கை பழகினேன். அதற்கு முன் எட்டு வருஷம் அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவருக்கு ஷிப்ட் மாறினால் எனக்குத் தாமதம், அவருக்குக் காய்ச்சல் என்றால் எனக்கும் லீவு.

ஒரு மாதமாக டேஷ்போர்டில் ஓர் ஆரஞ்சு விளக்கு. சின்னப் பெட்டிக்குள் மிளகைக் கொட்டி வைத்ததுபோல் ஒரு படம். மேட்டில் ஏறும்போது கார் ஆளைப் போல மூச்சு வாங்கியது. அவர் இரண்டு முறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, விற்றுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் பழைய கார் வாங்குகிறவர் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. எங்கள் மாநிலத்தில் வெள்ளி, சனிதான் விடுமுறை; ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறந்ததும் தானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாக அன்பாகத்தான் சொன்னார். மறுபடியும் அந்தப் பின் சீட்டா?

விடுவேனா நான்? சனிக்கிழமை காலையிலேயே அவரை இழுத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணி வர்க்ஷாப்புக்குப் போய்விட்டேன்.

ஃபோர்மேன் கருவியைச் சொருகிப் பார்த்துவிட்டு விளக்கினார். புகையில் வரும் கரியை ஒரு ஃபில்டர் பிடித்து வைக்கிறது. அது நிறைந்ததும் கார் தன்னைத்தானே சூடாக்கி அந்தக் கரியை எரித்துக்கொள்ளும். அதற்கு நல்ல ஓட்டம் வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலையில் உருட்டிக்கொண்டு போனால் எப்படி எரியும்? பிறகு, தூரமாகப் போகும்போது எப்போதாவது சூட்டு வாடை வருமா, ஃபேன் சத்தமாக ஓடுமா என்று கேட்டார்.

என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். இருபது வருஷம் தோட்டத்தில் டிராக்டரும் லாரியும் ஓட்டியவர். வாடை வந்த மறுநிமிஷமே ஓரம் கட்டி, என்ஜினை அடைத்து, பானெட்டைத் திறந்து ஆறவைத்துவிடுவதாகப் பெருமையாகச் சொன்னார். ஒரு தடவைகூடத் தவறியதில்லையாம்.

ஃபோர்மேன் தலையில் கைவைத்தார். "அண்ணே, அது வியாதி இல்ல, காடி மருந்து குடிக்கிற நேரம். நீங்க ஒவ்வொரு வாட்டியும் வாயிலேருந்து புடுங்கிட்டீங்க லா."

ஃபில்டரை வெட்டி உள்ளே இருப்பதை எடுத்துவிடுகிறவர்களும் உண்டாம். அப்புறம் கரும்புகை கக்கும். அதை ஓட்டிக்கொண்டு போய் நாலு வயசுப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே நிறுத்துவேனா? மாட்டேன் என்றேன். புது ஃபில்டர் போட்டாலோ சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். மிச்சம் ஒரே வழி. கரி இன்னும் எல்லையைத் தாண்டவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி, கியரை நாலிலேயே வைத்து, என்ஜினை நன்றாகச் சுழலவிட்டு, அரைமணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். விளக்கு அணைந்தால் பிழைத்தது. மினுக்க ஆரம்பித்தால் ஃபில்டர் முடிந்தது.

அவர்தான் ஓட்டினார். டோலைத் தாண்டி வடக்கே பத்து நிமிஷம் போயிருப்போம். தொண்ணூறில் போகும்போது வாடை வந்தது. சூடான இஸ்திரிப்பெட்டியின் வாடை. வந்துவிட்டது, எரிகிறது என்று நான் சீட்டில் குதித்தேன். ஆக்ஸிலேட்டரிலிருந்து அவர் கால் எழும்பிவிட்டது. ஃபோர்மேன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர்தான், ஆனால் அந்தக் கால் கேட்கவில்லை. கார் அவசரப் பாதையில் போய் நின்றது. அவர் கை சாவிக்குப் போனது.

அந்தக் கையில் பட்டென்று ஒன்று போட்டேன். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் முதல் அடி. இருவருமே திடுக்கிட்டுப் போனோம். என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எறங்குங்க. நான் ஓட்டுறேன்."

"ஹைவேல நீ ஓட்டுனதே இல்லியே."

"நீங்களும் இன்னிக்கு ஒழுங்கா ஓட்டல லா."

இறங்கினார். சுற்றி வந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். ஒரு கன்டெய்னர் லாரி போகும்வரை காத்திருந்து, அதன் பின்னால் ஏறினேன். ஐயோ, அந்த முதல் நிமிஷம்! பயத்தில் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன். முள் ஏறியது, சத்தம் ஏறியது, நூறு வந்தது. இடப்பக்கம் ஜெராய் மலை நகர்ந்துகொண்டே வந்தது. குரூண் வருவதற்குள் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. இப்படி ஒரு வேகம் என் காலுக்கடியில் இத்தனை வருஷம் சும்மா கிடந்திருக்கிறதே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கொஞ்சம் கத்தினேன்தான்.

அவர் நிலைமைதான் பரிதாபம். ஒரு கை மேலே கைப்பிடியில், இல்லாத பிரேக்கை வலது கால் மிதித்துக்கொண்டே வந்தது. வாடை கூடும்போதெல்லாம் பானெட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். பெண்டாங் கடந்தது, வயல்கள் விரிந்தன. விளக்கு அணையவில்லை. இருபத்தைந்து நிமிஷம். அலோர்ஸ்டார் பலகை தெரிந்தது. நம்பிக்கை விட்டுப்போய் எனக்கு அழுகை முட்டியது. ஞாயிறு காலை, மோட்டார் சைக்கிள், பின் சீட்டு எல்லாம் கண்ணில் வந்துபோயின. ஆனால் ஆக்ஸிலேட்டரை மிதித்த காலை எடுக்கவில்லை.

"அணைஞ்சிருச்சு," என்றார் அவர்.

சாலையையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. அவர்தான் அத்தனை நேரமும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் போட்ட கூச்சலில் வெளியேற வேண்டிய பாதையையும் விட்டுவிட்டேன். அடுத்ததில் இறங்கித் திரும்பினோம். திரும்பும் வழியிலும் நான்தான் ஓட்டினேன். தான் ஓட்டட்டுமா என்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலம், சொன்னபடி கார் வாங்குகிறவர் வந்தார். சுற்றிப் பார்த்தார், டயரைத் தட்டினார், என் கணவரிடம் விலை பேச ஆரம்பித்தார். நான் வாசல் கேட் பக்கத்தில் நின்றேன். என் கணவரிடம் மல்லுக்கட்ட வழியெல்லாம் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். இத்தனை வருஷமும் அதை "என் காடி" என்றே சொல்லிவந்தவர் அவர். காரின் பதிவுச் சீட்டான கிரான்ட்டில் இருப்பதும் அவர் பேர்.

என் கணவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "காடி என் வீட்டுக்காரியோடது. அவங்களக் கேளுங்க."

சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவில்லை.

"விக்கல," என்றேன்.