பாப்பாவுக்கு இல்லையாம்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றும் தடுமாறுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில், சன்னிவேல் என்ற ஊரில் ஓர் உணவகத்தில் தோசைக்கல் முன்னால் நிற்கிறேன். என் மனைவிக்குப் பக்கத்து ஊரான மில்பிடாஸில், கம்ப்யூட்டர் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் வேலை. அவள் விடியுமுன் போவாள். நான் திரும்பும்போது தூங்கியிருப்பாள். அடுப்பின் மேல் மூடி வைத்த சாப்பாட்டைப் பார்த்துத்தான் அவள் வந்து போனதைத் தெரிந்துகொள்வேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. கோயம்புத்தூரில் இருந்தபோது அதற்காகப் பல வருடங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். ஒவ்வொரு முறையும் அவளை மேசையில் படுக்கவைத்துச் சோதித்தார்கள். கடைசித் தடவை அழுதுகொண்டே வெளியே வந்தவள், “இனி எந்த டாக்டரும் என்னையத் தொடக் கூடாதுங்க” என்றாள். அந்தப் பேச்சை நானும் எடுத்ததில்லை.

இந்த வருடம், என் விடுமுறை நாளான ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, கிளினிக்கிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. தமிழில் சொல்ல ஒரு பெண்ணையும் லைனில் சேர்த்திருந்தார்கள். பாப் டெஸ்ட் எடுக்க வரச் சொன்னாள் அவள். என் மனைவியின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

“பாப்பா டெஸ்ட்டா? நாப்பத்தாறு வயசுல எனக்கெதுக்குங்க பாப்பா? வேற ஆளப் பாருங்க” என்று வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாயும் நான் வீட்டில் இருந்தேன். அவள் வேலை முடிந்து வந்த நேரம் மறுபடி அழைத்தார்கள். “நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்க” என்று போனை என் கையில் திணித்தாள்.

“பாப்பா இல்ல சார், பாப். கர்ப்பப்பை வாய்ல கேன்சர் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கிற டெஸ்ட். வலி, தொந்தரவு எதுவும் இல்லன்னாலும் எடுக்கணும்” என்றாள் அந்தப் பெண்.

கர்ப்பப்பை வாய் என்று சொல்ல எனக்குக் கூச்சம். போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“ஏம்புள்ள, இது பாப்பாவுக்கு இல்லையாம்.”

“பின்ன யாருக்காம்?”

“உனக்காம்.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். “பொம்பள டாக்டரான்னு கேளுங்க” என்றாள். ஆமாம் என்றார்கள். “நான் லீவு கேக்க மாட்டேன். ஒரு ஆள் கொறஞ்சா அந்த சூப்பர்வைசர் மூஞ்சியப் பாக்க முடியாதுங்க.” சனிக்கிழமையும் வரலாம் என்றார்கள்.

சனிக்கிழமைதான் எங்கள் கடையில் கூட்டம். முதலாளி முன்னால் போய் நின்றேன்.

“சனிக்கிழமை லீவா? என்னண்ணே ஆச்சு?”

“டாக்டர்கிட்ட… வாய்ல…” அதற்கு மேல் வரவில்லை.

“பல்லா? கிராம்ப வச்சுக் கடிங்கண்ணே. சரி, போயிட்டு வாங்க.”

அந்த வாரம் முழுக்கச் சட்னி அரைப்பவர்கூட என் கன்னம் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்.

கிளினிக்கில் நானும் உள்ளே வரலாம் என்றார்கள். “நீங்க இங்கயே இருங்க” என்று கைப்பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். சுற்றிலும் எல்லோரும் யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பேச ஆள் இல்லை. கோயம்புத்தூரில் வந்த மாதிரி வருவாளோ என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழவில்லை. காரில் ஏறிய பிறகு சொன்னாள்: “எத்தன கொழந்தைங்கன்னு அந்த டாக்டரம்மா கேட்டா. இல்லைன்னேன். சரின்னுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டா. அவ்வளவுதானுங்க.”



இன்று காலை தமிழ்ப் பெண் அழைத்தாள். முடிவை என்னிடமும் சொல்லலாம் என்று மனைவியே சொல்லிவைத்திருந்தாளாம். கோளாறு ஒன்றும் இல்லை.

அதைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. வேலை நேரத்தில் அவள் போன் கம்பெனிப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். அவள் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் இதை எழுதினேன்.

2025 நவம்பர் 4, செவ்வாய்.