லூர்து மேரியின் கடல்முயல்

அதியமான்கோட்டை இன்னாசியம்மாள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இளைய மகள் லூர்து மேரி. சின்ன வயதிலேயே கம்பளிப்பூச்சியைத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, எத்தனை காலால் நடக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பாள். அக்கா மதலேனம்மாள் எட்டாவதோடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். தங்கை 1983-இல் தர்மபுரியில் விலங்கியல் பட்டப்படிப்பில் சேர்ந்தாள்.

மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் மாணவர்களை மண்டபம் கடற்கரைக்கு அழைத்துப்போனார்கள். ஆளுக்கு ஓர் உயிரி. அதை உயிரோடு பார்த்து, மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என நிறத்தோடு ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும். கெடாமல் வைக்கப் பார்மலின் மருந்தில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். மேரிக்கு வந்தது கடல்முயல். முயல் என்று பேர்தான். உண்மையில் அது கடலில் வாழும், வெளியே ஓடு தெரியாத ஒரு நத்தை. உள்ளங்கை நீளம், தலையில் முயல் காது மாதிரி இரண்டு கொம்பு. மிரண்டால் ஊதா மையைக் கக்கும். மற்றவர்கள் வரைந்த நாளில் மேரி காய்ச்சலில் கிடந்தாள். பேராசிரியர் இரக்கப்பட்டு, மூடிபோட்ட வாளியில் அதை வீட்டுக்குக் கொண்டுபோக விட்டார். ஆனால் ஒன்றை அழுத்திச் சொன்னார்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு ரெக்கார்டு பார்ப்பேன். என் கையெழுத்து இல்லேன்னா பிராக்டிகல் பரீட்சைக்கு உட்கார முடியாது."

மாற்றி ஊற்றுவதற்கு ஐந்து லிட்டர் கேன் நிறைய அந்தக் கடல்நீரையே பிடித்துக்கொண்டாள்.

பஸ் வேளாங்கண்ணி வழியாகத் திரும்பி, ஞாயிறு விடியும்போது ஊர் வந்து சேர்ந்தது. வாளியையும் கேனையும் நடையில் வைத்துவிட்டுப் படுத்தவள் எழுந்தபோது மணி பதினொன்று. ஓடிப்போய் வாளியைத் திறந்தாள். தண்ணீர் முழுக்க நாவல்பழச் சாறு மாதிரி இருந்தது. அடியில் கடல்முயல் சுருண்டு கிடந்தது. உடனே தண்ணீர் மாற்றியாக வேண்டும். கேனைத் தூக்கினாள். காலி.

"அம்மா! கேன் தண்ணி எங்க?"

"மாதா தண்ணி தானே? பூசை முடிஞ்சதும் கோயில்லயே ஆளுக்கொரு பாட்டில் ஊத்திக் குடுத்துட்டேன். ஒம்போது பேருக்கு வந்துச்சு. அத்தன பேரும் உன்னத்தான் வாழ்த்துனாங்க."

"அய்யோ, அது வேளாங்கண்ணித் தண்ணி இல்லம்மா. மண்டபத்துல புடிச்சது. இதுக்கு ஊத்த!"

இன்னாசியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "தெரு முனை ரோசம்மா கண்ணுல வுட்டுக்கறேன்னாளேடி! வெளிய சொல்லிடாத. நாளைக்கு நான் கோயில் வாசல்ல எப்படித் தல நிமுந்து நிப்பேன்?"

"கெணத்துத் தண்ணியில உப்பப் போட்டா ஆவாதா?" என்றாள் அக்கா.

"செத்துடும்க்கா."

"அப்ப புத்தகத்தப் பாத்து வரஞ்சிடேன்."

"அதுல கறுப்பு வெள்ளைப் படந்தான் இருக்குது."

பாட்டில்களைத் திருப்பி வாங்க மேரி செருப்புக்கூடப் போடாமல் கிளம்பினாள். வாளியை ஈரச்சாக்கால் சுற்றி, அக்கா பின்னால் தூக்கிக்கொண்டு போனாள். வழியெல்லாம் மேரிக்கு ஒரே யோசனை. உண்மையைச் சொல்லாமல் கேட்டால் யார் தருவார்கள்? சொன்னால் அம்மாவின் முகம் என்னாகும்? தெரு முனையில் ரோசம்மாள் அண்ணாந்தபடி, பாட்டிலைக் கண்ணுக்கு மேல் கவிழ்க்கப் போனாள்.

"அத்தை, வுட்டுக்காதீங்க! அது மாதா தண்ணி இல்ல. அம்மா தெரியாம குடுத்துட்டாங்க."

ரோசம்மாள் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். "குடுத்த தண்ணியத் திருப்பிக் கேக்க வந்தவள இன்னைக்குத்தான் பாக்கறேன். எதுக்கு?"

மேரி வாளியைத் திறந்து காட்டினாள்.

"அட கருமமே, இந்த சளிக்கா?"

"இது செத்துட்டா என் படிப்பும் போச்சுங்க அத்தை."

ரோசம்மாள் முனகினாள். பிறகு பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். "வா. நீ கேட்டா தரமாட்டாளுங்க. நான் கேட்டா தருவாளுங்க. உங்கம்மாள நான் அப்புறம் பேசிக்கறேன்."

ஒன்பதில் ஐந்து பாட்டில் திரும்பி வந்தது. ஒரு பாட்டில் மாட்டின் மேலும், இரண்டு பாட்டில் வீட்டு மூலைகளிலும் தெளித்தாகிவிட்டது. ஒன்றைப் பக்கத்து வீட்டு மதலமுத்து குடித்தே விட்டிருந்தார். வயிற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "எனக்கு ஒண்ணும் ஆவாதே, பாப்பா?"

வீட்டுக்கு வந்து எனாமல் பேசினில் ஊற்றினால் நான்கு விரல்கடை தண்ணீர்தான் நின்றது. கடல்முயலை அதில் விட்டார்கள். அசையவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது.

"வெளிச்சத்த வுடுங்கடி!" என்று ரோசம்மாள் விரட்டினாள்.

அக்கா ஒரு தம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். கால்மணி நேரத்துக்குப் பிறகு ஒரு கொம்பு மெல்ல நீண்டது. இன்னொன்றும் வந்தது. மேரிக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். பாசிப் பச்சையில் பழுப்பு, அதன் மேல் கறுப்பு வளையங்கள், முதுகு மடிப்பின் ஓரத்தில் மெல்லிய ஊதா. முதுகு முடிந்தது. அடிப்பக்கம் பார்க்கக் கைவிரலால் தொட்டபோது அது தளர்ந்து சரிந்தது. அடிப்பக்கம் அதற்குள் வெளிறியிருந்தது.

"ஏதோ ஒரு கலரப் போட்டுடுடி, யாருக்குத் தெரியும்?" என்றாள் அம்மா. மேரி கலர் பென்சிலைக் கீழே வைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பேராசிரியர் நோட்டைத் திருப்பினார். இரண்டாவது படத்தில் வெறும் கோடு மட்டும் இருந்தது.

"இது ஏன் வெள்ளையா இருக்கு?"

"அதத் திருப்பறதுக்குள்ள செத்துடுச்சு சார். பார்த்தத மட்டும்தான் போட்டேன்."

அவர் முதல் படத்தையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.