மதில் ஏறிய ஃபிரிட்ஜும் நிலைபேறான அபிவிருத்தியும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஃபிரிட்ஜ் மதில் ஏறிப் போவதைப் பார்த்தேன்.

தானாக ஏறவில்லை. இந்தப் பக்கம் நின்று ரசீன் தூக்கிக் கொடுக்க, அந்தப் பக்கமிருந்து இரண்டு கைகள் வாங்கிக்கொண்டன. இடுப்பளவு உயரமுள்ள சின்ன ஃபிரிட்ஜ்தான். உக்குவளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ரசீன் அங்கே ஆட்டோ ஓட்டுகிறவர்; அவர் மனைவி நளீமா என்னிடம் படித்தவள். ரிப்பேருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ரிப்பேருக்குப் போகிற ஃபிரிட்ஜ் கேட் வழியாகப் போகாமல் ஏன் மதில் ஏற வேண்டும்? நாற்பது பிள்ளைகளின் கள்ளத்தனத்தை ஒரே பார்வையில் பிடித்த டீச்சர் நான்... அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை.

நான் அங்கே போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பென்ஷனுக்குப் பிறகு அவ்வப்போது மொழிபெயர்ப்பு செய்கிறேன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த முறை வந்தது ஒரு படிவம். அந்த ஊரில் ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரு சுற்றுலாத் திட்டம் நடத்துகின்றன. சீகிரியா பார்த்துவிட்டுக் கண்டிக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்களை ஒரு வேன் அங்கே இறக்கிவிடும். அவர்கள் மிளகுக் கொடி பார்ப்பார்கள், ஜாதிக்காய் பொறுக்குவார்கள், பகலுக்கு நளீமா வீட்டில் சாப்பிடுவார்கள். இந்தத் திட்டம் நிலைபேறான அபிவிருத்திக்கு எந்தளவு பங்களிக்கிறது என்று கொழும்பிலிருந்து அளக்க வருகிறார்கள்.

அபிவிருத்தியை எப்படி அளப்பது? எழுபத்திரண்டு கேள்விகளால்! அந்த எழுபத்திரண்டையும் தமிழாக்கிய பாவம் என்னுடையது. "சுற்றுலாவினால் உங்கள் வாழ்வாதாரத்தின் தாங்குதிறன் எந்தளவு வலுவடைந்துள்ளது?" - இப்படி எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். எனக்கே விளங்கவில்லை.

அளக்க வந்தவர் பெயர் தாரணி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பில் வேலை, கையில் படிவம் நிரப்ப ஒரு டெப் கணினி. வரும் வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். புள்ளி குறைந்தால் திட்டம் நிற்கும், வேன் வராது.

வேன் வராவிட்டால் நளீமா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். மூன்று தடவை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்தவள் அவள். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது, சொந்த மகள் அவளை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டாள். அதைச் சொல்லி என் முன்னால் அழுதிருக்கிறாள். வேன் நின்றால் நாலாவது பயணம்தான்.

அதனால் முதல் வீடாக அவள் வீட்டுக்கே போனோம். நல்ல புள்ளியோடு தொடங்கட்டுமே! ஃபிரிட்ஜ் மதில் ஏறியது அப்போதுதான்; டெப்பிலேயே கண்ணாக வந்த தாரணி அதைக் காணவில்லை.

நளீமா வாசலுக்கு வந்தாள். இருப்பதிலேயே பழைய உடுப்பு. முன்னறையில் மணிக்கூடு இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"சுற்றுலாவால உங்கட வருமானம் கூடினதோ அக்கா?" என்று தாரணி தொடங்கினார். என் தமிழை அவர் அங்கேயே கைவிட்டுவிட்டார். நல்ல பிள்ளை.

"எங்க மிஸ்... ஒண்டுமே இல்ல."

"வீட்டில ஃபிரிட்ஜ் இருக்குதோ?"

"நாங்க எங்க மிஸ் அதுக்கெல்லாம்?"

"அப்ப வாறவைக்குக் குளிரா ஜூஸ் குடுக்கிறனீங்கள் எண்டு எழுதியிருக்குதே?"

"கெணத்துல எறக்கி வெச்சிக் குடுக்கிற மிஸ்."

நான் ரசீனைப் பார்த்தேன். அவர் தென்னை மரத்தில் எத்தனை காய் என்று எண்ணிக்கொண்டிருந்தார். அந்த மரத்தில் காயே இல்லை. ஏதோ நடக்கிறது என்பது விளங்கியது, என்னவென்றுதான் விளங்கவில்லை. படிப்பித்த பிள்ளையை வேற்று ஆள் முன்னால் காட்டிக்கொடுக்க மனம் வராமல் வாயை மூடிக்கொண்டேன்.

"சுற்றுலாவால சூழலுக்கு ஏதும் கழிவு சேருதோ?"

"வெள்ளக்காரர் தட்டுல மிச்சம் வெக்கிற மாசிச் சம்பல்தான் மிஸ். அதையும் கோழி திண்டுரும்."

எழுபத்திரண்டு கேள்விகளில் நேர்மையாகக் கிடைத்த ஒரே பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வீடு, மூன்றாவது, நாலாவது... எல்லா வீட்டிலும் இதே கதை. சுவரில் ஆணி, தரையில் ஃபிரிட்ஜோ டிவியோ நின்ற சதுர அடையாளம், முகத்தில் சோகம். ஒரு வீட்டில் டிவியின் ரிமோட் மட்டும் தனியாக மேசையில் கிடந்தது. தாரணி ஒவ்வொரு வீட்டையும் முடித்து, டெப்பில் 'அனுப்பு' என்பதைத் தட்டிவிட்டு, பெருமூச்சு விட்டபடி அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

ஐந்தாவது வீடு முத்தையா அண்ணனுடையது. மனைவி இல்லை, மகன் வெளியூரில், தனிக்கட்டை. வருகிறவர்களுக்குக் கறுவா உரித்துக் காட்டுவது அவர் பங்கு. அவர் வீட்டுக்கு அப்பால் மதில் இல்லை, ஆறுதான். மதில் மதிலாகத் தாண்டி வந்த ஃபிரிட்ஜுக்கு நீந்தத் தெரியாது.

உள்ளே போனால்... மூன்று ஃபிரிட்ஜ். இரண்டு டிவி. நாலு மணிக்கூடு. மணிக்கூடுகள் நாலும் நாலு நேரம் காட்டின.

தாரணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். "ஐயா, இதெல்லாம் உங்கடையோ?"

முத்தையா அண்ணன் என்னைப் பார்த்தார். மதில் பக்கம் பார்த்தார். இல்லை என்றால் அயல் வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

"ஆமாங்க மிஸ். எல்லாம் என்னுதுதான்."

"மூண்டு ஃபிரிட்ஜிலயும் என்ன வைக்கிறனீங்கள்?"

"தண்ணிங்க."

மூன்றிலுமா என்று அவர் கேட்கவில்லை. முத்தையா அண்ணனுக்கே அது போதாது என்று பட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் ஒரு ஃபிரிட்ஜைத் திறந்து, இனிப்புக்கு இரண்டு கிண்ணத்தில் வட்டிலப்பம் வைத்துக் கொடுத்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தேன். கிராம்பும் ஏலமும் அந்த அளவில் போடுகிற கை இந்த மாவட்டத்திலேயே நளீமாவுடையது ஒன்றுதான்.

"நீங்களா செஞ்சீங்க அண்ணே?" என்றேன்.

"ஆமாங்க டீச்சர்," என்றார், தரையைப் பார்த்தபடி.

வெளியே வந்ததும் தாரணி டெப்பை என் பக்கம் திருப்பினார். நாலு வீட்டுக்கு எந்தப் பயனும் இல்லை. ஒரே ஒரு வீடு கொழுத்துவிட்டது. திரையில் சிவப்பு எழுத்தில்: 'சமத்துவமின்மை - மிக அதிகம்.'

"பாவம் டீச்சர் இந்தச் சனம். அந்த ஐயாதான் முழுக்கச் சுருட்டிப்போட்டார். இந்தத் திட்டத்தை நிப்பாட்டச் சொல்லித்தான் எழுத வேணும்."

முத்தையா அண்ணனா? தனக்கென்று உடுக்க இரண்டாவது சாரம் வாங்கவே யோசிக்கிற மனிதரா?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாள் நளீமாவுக்கு ஃபோனில் கோல் எடுத்து நான் சொன்ன வார்த்தை இதுதான்: "நாளைக்குக் கொழும்பிலிருந்து வீட்டு விபரம் எடுக்க வர்றாங்க, எல்லாரையும் வீட்டில இருக்கச் சொல்லும்மா." வீட்டு விபரம்! இந்த நாட்டில் வீட்டு விபரம் எதற்கு எடுப்பார்கள்? ஏழைகளுக்கான நிவாரணப் பட்டியலுக்கு. ஃபிரிட்ஜைக் கண்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

அவர்களைப் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள். கேட்பது யார் என்று பார்த்துத்தானே நாம் எல்லோரும் பதில் சொல்கிறோம்? கல்யாணத் தரகரிடம் வீட்டைப் பெருப்பித்துச் சொல்கிறோம், கடன் கேட்கிறவரிடம் சிறுப்பித்துச் சொல்கிறோம். தினமும் நடக்கிறீர்களா என்று டொக்டர் கேட்டால், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு மைல் நடந்துவிடுவேன்.

திரும்ப ஓடினேன். எழுபது வயதை நெருங்குகிறேன், ஓடினேன்.

"நளீமா, இது நிவாரணத்துக்கு இல்ல. வேன் திட்டத்துக்கு! ஒண்ணும் கிடைக்கலன்னு சொன்னா நிப்பாட்டிருவாங்க!"

"யா அல்லாஹ்!" என்றாள். "என்ட வாயாலயே கெடுத்துக்கொண்டேனே டீச்சர்..."

அடுத்த பத்து நிமிடத்தில் ஃபிரிட்ஜ்கள் வந்த வழியே மதில் ஏறித் திரும்பின. ரசீன் முற்றத்தில் கடையே பரப்பிவிட்டார். ஃபிரிட்ஜ், மிக்ஸி, வருகிறவர்களுக்கென்று வாங்கிய கண்ணாடித் தட்டுகள், மணிக்கூடு. "எழுதுங்க மிஸ்," என்றார் மூச்சிரைக்க, "ரெண்டு ஃபிரிட்ஜுன்டே எழுதுங்க!"

"முதல் ஒண்டுமில்லை எண்டனீங்கள். இப்ப ரெண்டு எண்டுறியள்." தாரணிக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம். "அனுப்பின படிவத்தை இனித் திறக்கேலாது. கடைசியில ஒரு குறிப்பு எழுதுற பெட்டி மட்டும் இருக்குது. அக்கா, நீங்களே சொல்லுங்கோ. இந்தத் திட்டத்தால உண்மையா மாறின ஒரே ஒரு விசயம். ஒண்டே ஒண்டு."

ரசீன் மிக்ஸியைக் காட்டினார். நளீமா அவரைப் பார்க்கவில்லை. உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. வந்தபோது கையில் பாஸ்போர்ட்.

"போன வருசம் இது முடிஞ்சிட்டு மிஸ்."

தாரணி வாங்கிப் பார்த்தார். "புதுப்பிக்கேல்லையோ?"

"இல்ல."

"ஏன்?"

"எனக்கு இனி எதுக்கு மிஸ்?"

தாரணி நின்றபடியே டெப்பில் எழுதினார். எழுதி முடித்து எங்களுக்கு வாசித்தும் காட்டினார். 'மூன்று தடவை வெளிநாடு சென்ற இவர், திட்டம் தொடங்கிய பின் மகளுடன் வீட்டில் இருக்கிறார். காலாவதியான கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவில்லை.' எழுபத்திரண்டு கேள்வியிலும் கேட்காததை இரண்டு வரியில் எழுதிவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. டீச்சர்மாருக்கு இது அடிக்கடி நடக்காது.

வெள்ளிக்கிழமை தாரணி கோல் எடுத்தார்.

"டீச்சர், வெண்டிட்டம்! திட்டம் இன்னும் ஒரு வருசத்துக்கு நடக்கும்!"

"அப்பாடா!"

"ஆனா..." என்று இழுத்தார். "மேலிடத்தில என்ர குறிப்பை வாசிச்சுப்போட்டு ஒரு பரிந்துரையும் சேர்த்திருக்கினம். 'பயனாளியின் கடவுச்சீட்டு காலாவதியாகியுள்ளது. அதைப் புதுப்பித்துக்கொடுத்து, அவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பெற உதவுவதற்கு அதிகாரிகள் குழுவொன்று அனுப்பப்படும்.'"

நான் பயந்து பயந்துதான் நளீமாவிடம் சொன்னேன். அவள் சிரித்து முடிக்க நேரம் எடுத்தது.

"வரச் சொல்லுங்க டீச்சர். எத்தன பேருன்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, பகல் சாப்பாட்டுக்குப் பலாக்கா வெட்டணும்."