புத்தூரில் மூன்றாவது ஓலை

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரி கிருபா. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, “ஞாயித்துக்கெழம புத்தூர்ல எங்க கோயில்ல மூணாவது ஓலை. நீ வந்து பக்கத்துல உக்காந்துக்கோ, தனியா உக்கார பயமா இருக்குது” என்றாள். அதுதான் இந்தப் பயணத்தின் காரணம்.

அவர்கள் பேச்சில் கோயில் என்றால் சர்ச், ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று கணக்கு. கிருபா வீடு புராட்டஸ்டண்ட், மாப்பிள்ளை ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசுவதில்லை. “மூணாவது ஓலையில நான் எழுந்துக்குவேன்” என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

சென்னை சென்ட்ரலில் காலை ஆறரைக்குள் கிளம்பும் திருப்பதி ரயில் ஒன்று உண்டு. புத்தூர் நூற்றுப் பத்து கிலோமீட்டர் சொச்சம், இரண்டேகால் மணி நேரம். திருத்தணி வரை கூட்டம் நெருக்கித் தள்ளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் கிடைத்ததும், புராட்டஸ்டண்ட் என்ற பெயர் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். 1529இல் ஜெர்மனியின் ஸ்பையர் நகரில் ஒரு பேரவை கூடியது. சபைச் சீர்திருத்தக்காரர்களுக்கு மூன்று வருடம் முன்னால் கொடுத்திருந்த சலுகையைக் கத்தோலிக்கப் பெரும்பான்மையினர் திரும்பப் பறித்தார்கள். சீர்திருத்தத்தின் பக்கம் நின்ற சில சிற்றரசர்களும் நகரங்களும் மனசாட்சிக்கு விரோதமான தீர்மானத்தை ஏற்க முடியாது என்று மறுப்புரை கொடுத்தார்கள். பெயர் அதிலிருந்து வந்தது. நமக்குத் தெரிந்த ‘புரொட்டஸ்ட்’ கொடி பிடிப்பதுதான். ஆனால் அந்த லத்தீன் சொல்லின் பழைய பொருள், பலர் அறியச் சாட்சி சொல்வது. நல்ல செய்திதான், கிருபாவுக்கு இதனால் என்ன லாபம் என்று போனை மூடி வைத்தேன்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர், “சர்ச்சுக்கா? ஆர்.சி.யா, புராட்டஸ்டண்ட்டாம்மா? ரெண்டும் வேற வேற ரோடு” என்றார். புராட்டஸ்டண்ட் என்றேன். “அப்பிடின்னா இன்னா அர்த்தம், உனுக்குத் தெரியுமா?”

“போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேண்ணா.”

ஐம்பது ரூபாய்.

பெண்கள் பக்கம் கிருபாவோடு உட்கார்ந்தேன். ஆண்கள் பக்கம் அவள் அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. ஐயர் (போதகரை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) ஓலையை வாசித்து, “தடை அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம்” என்றார். கிருபாவின் அப்பா சொன்னபடியே எழுந்தார். கிருபாவின் நகம் என் கையில் இறங்கியது.

“தட ஒண்ணும் இல்ல ஐயரே. ரெண்டு ஓலைக்கு நான் வாய மூடிக்கினு இருந்தேன். சும்மா இருந்தா சம்மதம்னு எடுத்துக்குவாங்க. எனுக்கு அது போதாது. என் பொண்ண நான் மனசோட குடுக்குறேன். சபைக்கு முன்னால சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐயருக்கே அடுத்து என்ன வாசிப்பது என்று தெரியவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் கிருபா அப்பாவிடம் அழுதுகொண்டே, “இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே நைனா?” என்றாள்.

“நீ கல்யாணம்னு வந்து சொன்ன. சம்மதமான்னு கேக்கல. ஐயரு ஒருத்தருதான் கேட்டாரு.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு: ஆராதனை ஒன்பதரைக்கு, செருப்பை வெளியே விடுங்கள். அங்கிருந்து நாராயணவனம் பெருமாள் கோயில் ஐந்து கிலோமீட்டர்தான், மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். உங்கள் கல்யாண விஷயமாகப் போகிறீர்களென்றால், கிளம்புமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.