இல்லாத அறை

"இருக்கும்னு சொல்லாத. இருக்குதுன்னு சொல்லு." சங்கத்து அக்கா இப்படிச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் என்னை விட்டபாடில்லை. ஓசூரில் ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்குப் பின்னால் மறைக்கல்வி நடக்கும் அறையில் கூடுவோம். அக்கா உட்பட எல்லோரும் ஒரே கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருந்த பெண்கள். மற்ற தொழிற்சங்கங்களில் கோரிக்கையை எழுதச் சொல்வார்கள். அக்காவோ கண்ணை மூடச் சொல்வார். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்ட பிறகு ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "கண்ணுல பாக்காத ஒண்ணுக்காக எத்தன நாளும்மா சண்ட போடுவ?" என்பார். பகல் கனவு காண்பதற்கு ஒரு சங்கமா என்று நானே வீட்டில் கேலி பேசியதுண்டு.

அன்று என் முறை வந்தது. கைக்குழந்தையை மத்தூரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள் நான். கண்ணை மூடினேன். "கம்பெனிக்குள்ளயே புள்ளைங்களுக்கு ஒரு ரூம் இருக்குது. ஜன்னல் இருக்குது. எம் பொண்ணு தூங்கறா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

தாமதமாக வந்து கடைசியில் உட்கார்ந்த கன்னடக்காரப் பெண் ஒருத்தி அதை நிஜம் என்றே எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலை இடுப்பில் குழந்தையோடு கேட்டில் வந்து நின்று, ரூம் எங்கே என்று செக்யூரிட்டியிடம் சண்டை பிடித்தாள். விஷயம் தெரிந்து எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

இரண்டே நாளில் அக்கா மேல் விசாரணை வைத்தார்கள். பொய் சொல்லித் தொழிலாளர்களைத் தூண்டிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அந்த அதிகாரி அன்பாகத்தான் கேட்டார். "கம்பெனியில ரூம் இருக்குதுன்னு அந்தம்மா சொன்னாங்களா?"

சொன்னது நான். அது வெறும் கனவு, அதுவும் என்னுடைய கனவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிய இருந்தது. "ஆமாங்க சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அக்காவுக்கு வேலை போயிற்று. எனக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

பல வருடம் கழித்து, போன மாதம் சூளகிரி பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ரோஜாத் தோட்டத்தில் பூ கட்டும் வேலையாம், விரலெல்லாம் முள் கீறல். கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாமா என்று தோன்றியது. அதற்குள் அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கம்பெனியில் இப்போது நிஜமாகவே பிள்ளைகளுக்கு ஓர் அறை வந்துவிட்டதைச் சொன்னேன். என் மகள்தான் அதற்குள் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

"ஜன்னல் வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். வைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் என் காதருகே குனிந்து, "அன்னிக்கி விசாரணையில உன்ன ரொம்ப மெரட்டிட்டாங்களாம்மா? என்னாலதான உனக்கு அந்தக் கஷ்டம். அத நெனச்சா இன்னும் மனசு ஆறல" என்றார்.

யாரும் என்னை மிரட்டவில்லை.

"ஆமாங்கக்கா" என்றேன்.