ஆட்டுக்கு அம்மை வந்தபோது

மலேசியாவில் கூலிம் ஊருக்குப் பக்கத்தில், பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரே தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. வேலை முடிந்து வந்தால் அவர் தூங்குவார், நான் சமைப்பேன். அவருக்கு சூப்பர்வைசர் பதவி கிடைத்தால் முனியாண்டிக்குக் கிடா வெட்டுவதாக மாமியார் வேண்டிக்கொண்டார். கிடைத்துவிட்டது. நேர்ந்துவிட்ட கிடா வீட்டுக்குப் பின்னால் நின்று, என்னைவிட வேளாவேளைக்குச் சாப்பிட்டது.

பூசைக்கு நாள் குறித்த பிறகு அதன் வாயைச் சுற்றிக் கொப்புளம் கிளம்பிப் பொருக்குத் தட்டியது. மாமியார் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்திருக்கா. யாரும் ஆட்ட அதட்டக் கூடாது."

அவ்வளவுதான். கொட்டகையில் வேப்பிலை ஏறியது. வீட்டில் கறி, மீன், தாளிப்பு எல்லாம் நின்றன. ஆட்டுக்கு இளநீர், மஞ்சள் தண்ணீர், ஆறவைத்த கஞ்சி; அத்தனையும் என் கையால். எங்கள் வீட்டுச் சூப்பர்வைசரும் தினமும் வந்து ஆட்டைக் கும்பிட்டார். வெட்டப்போகிற ஆட்டைக் கும்பிடுவதில் அவருக்குச் சங்கடம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் நச்சரித்ததால் கால்நடை டாக்டர் வந்தார். இது வைரஸ், மனிதருக்கும் ஒட்டும், சில வாரத்தில் தானாகவே உதிர்ந்துவிடும் என்றார். மாமியாருக்கு முகம் மலர்ந்தது.

"அதான் நானும் சொன்னேன். ஆத்தா தானா எறங்கிடுவா. டாக்டருக்கே தெரியுது லா."

ஒட்டும் என்றது யார் காதிலும் ஏறவில்லை. என் விரலில் ஏறியது. சிவந்து வீங்கி, நடுவில் வெளுத்து நின்ற கொப்புளத்தைக் கம்பெனி கிளினிக்கில் காட்டினேன். ஆட்டிடமிருந்து வந்ததுதான் என்று சொல்லி, ஒரு வார மருத்துவ விடுப்புக்கு எம்சி கொடுத்தார்கள். கம்பெனி பஸ்ஸில் வரும்போதே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆட்டுக்கு வந்தது ஆத்தா என்றால் எனக்கு வந்ததும் ஆத்தாதானே? எனக்கும் இளநீர் வெட்டுவார்கள். என்னையும் ஒரு வாரம் யாரும் அதட்டமாட்டார்கள். அடுப்படிப் பக்கமே போகவேண்டாம்.

மாமியார் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வெறும் நகச்சுத்தி. எலுமிச்சம்பழத்த சொருகிக்க."

எம்சி என்றேன்.

"லீவு குடுத்துட்டாங்களா? நல்லதா போச்சு. ஆட்டப் பாத்துக்க ஆள் இல்லாம தவிச்சுக்கிட்டு இருந்தேன்."